மீன்தொட்டி மண்

மீன்கள் நீந்தவில்லை. அதுதான் முதலில் ஜரீனாவின் கண்ணில் பட்டது. காலை பத்து மணிக்குப் பதினான்கு நியான் மீன்களும் தொட்டியின் இடது மூலையில் கூடி, அடியிலிருந்த கறுப்பு மண்ணைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாலைக்கூட ஆட்டாமல் நின்றன. தீனி போட்டால்கூட இப்படிச் சேர்ந்து வராத சோம்பேறிகள். நான்கு மாதக் குழந்தை ஹனீனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். மண்ணிலிருந்து வெள்ளையாக ஏதோ தலை நீட்டியிருந்தது. அரிசி அளவுதான் இருக்கும்.

சுமத்ராக் காட்டுத்தீயின் புகை ஊரை மூடியிருந்த வாரம் அது. ஒன்பதாவது மாடி வீட்டின் சன்னல்களை எல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்த வீட்டுக்குள் மேல்மாடிக்காரன் தரையை உடைக்கும் டிரில் சத்தமும், ஃபில்டர் ஓயாமல் முனகும் சத்தமும், புகையோடு சேர்ந்த ஈரமண் வாடையும் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தன. ஃபில்டர் சத்தம் கேட்டால்தான் ஹனீன் தூங்குவாள் என்று சாரோங் துணித் தொட்டிலை மீன்தொட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

கணவன் ஸைஃப் ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து ஏழு மணிக்கு வந்தான். தொட்டி அவனுடையது. செடியும் மண்ணும் அவன் பார்த்துப் பார்த்து வாங்கியவை. சட்டையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"நத்தை முட்டையா இருக்கும்லா. போட்டோ எடுத்துக் குரூப்ல போடு, அவனுங்க சொல்லிடுவாங்க."

போட்டாள். மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப் அது. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். பூஞ்சை என்றார் ஒருவர், கடற்பஞ்சு என்றார் இன்னொருவர். ஒரு பெண் அல்லிக்கிழங்கு முளைக்கிறது என்று வாழ்த்துச் சொன்னாள். குருடர்கள் யானையைத் தடவிய கதைதான். அதற்குள் அது சுண்டுவிரல் நீளம் வளர்ந்திருந்தது. வழவழப்பாக, நீலம் பாய்ந்த வெள்ளையில், முறுக்கிப் பிழிந்த துணிபோல் இருந்தது.

அன்றைக்குத்தான் ஹனீன் பால் குடிக்க மறுத்தாள்.

முதலில் வயிற்று உப்புசம் என்று நினைத்தாள். ஓமத்தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தட்டினாள், அறையை இருட்டாக்கி மடியில் போட்டுப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை. மார்பில் வாய் பட்டதும் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள், பசியாறி முடித்தவர்கள் சோற்றுத் தட்டைத் தள்ளுவதுபோல. திரும்பிய முகம் ஒவ்வொரு முறையும் மீன்தொட்டிப் பக்கமே போய் நின்றது. புட்டிப்பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஜரீனாவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பெற்றவளைப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அந்த வலியை எந்த மாத்திரை போட்டு ஆற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த பாலிகிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நர்ஸ் எடை பார்த்தார். போன மாதத்தைவிட எண்ணூறு கிராம் கூடியிருந்தது.

"சிஸ்டர், நாலு நாளா ஒரு சொட்டுப் பால்கூடக் குடிக்கலை."

நர்ஸ் சிரித்தார். "குடிக்காம எப்படிமா ஏறும்? புது அம்மாங்க எல்லாம் இப்படித்தான் பயப்படுவீங்க. நீங்க நல்லாத் தூங்குங்க."

ஸைஃபும் அதையேதான் சொன்னான். "வெயிட் ஏறுதுல்ல, பிறகு என்ன கவலை உனக்கு?"

"மச்சான், அவ வாயை மோந்து பாருங்க."

அவன் குனிந்து மோந்தான். பிறகு, புகை நாற்றம் வீடெல்லாம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். புகை இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் மூச்சில் தொட்டித் தண்ணீரின் வாடை வந்தது.

மறுநாள் மீன்களை எண்ணினாள். பதினொன்று. செத்து மிதக்கவும் இல்லை, வெளியே குதிக்கவும் இல்லை. மூடி போட்ட தொட்டி. கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துப் பார்த்தபோது அந்த வெள்ளைக் கயிற்றின் அடியில் ஒரு மீன் கிடந்தது. உயிர் இருந்தது. ஆனால் சிவப்பும் நீலமும் வடிந்துபோய், எலும்பு தெரியும் வெறும் கண்ணாடித் தாளாக, மண்ணோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. சாயங்காலம் அதுவும் இல்லை.

குரூப்பை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தாள். அந்தத் தொட்டியை விற்ற இருதயராஜ் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வைத்திருந்தார். ஹனீனைத் தோளில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். பிஷான் தாண்டியதும் பிள்ளை தூங்கிவிட்டாள். லிட்டில் இந்தியாவில் இறங்கி, மல்லிகைக் கடைகளையும் காய்கறிக் கூடைகளையும் விலக்கிக்கொண்டு பின்சந்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜரீனாவின் சட்டை நனைந்திருந்தது.

இருதயராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனில் வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"அல்லி வேருதான் தங்கச்சி. மண்ணுல விதை கலந்து வந்திருக்கும். வெட்டிடாதீங்க, தண்ணி கெட்டுடும்."

"வேர் துடிக்குமா அண்ணே?"

"துடிக்குதா?" அவர் மூன்றாவது தடவை ஓட்டினார். பிறகு அவர் பார்வை பிள்ளைமேல் போனது. "பாப்பா ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

ஜரீனா துணியை விலக்கினாள். ஹனீனின் தலை வாடிய கீரைத்தண்டாகத் தொங்கியது. உதடுகள் சாம்பல் நிறம். தட்டினாள், கூப்பிட்டாள், கடைத் தண்ணீரை முகத்தில் தெளித்தாள். கண் பாதி திறந்து சொருகியது. ஆஸ்பத்திரிக்கு என்றுதான் டாக்சியில் ஏறினாள். ஏறியதும் வாய் என்னவோ "ஆங் மோ கியோ" என்று வீடிருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டது. ஏன் சொன்னாள் என்று பிறகும் அவளுக்கு விளங்கவில்லை. தோ பாயோ தாண்டியதும் பிள்ளை முனகினாள். தங்கள் அடுக்குமாடி புளோக் தெரிந்ததும் கண் விழித்தாள். லிஃப்ட் ஒன்பதில் நின்றபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். ஹனீனின் மொட்டைத்தலையில் உச்சிக்குழி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜரீனா தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்த்தாள். அந்த வெள்ளைக் கயிறும் ஏறி இறங்கியது. உச்சிக்குழியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே ஏறின, ஒன்றாகவே இறங்கின.

பயம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை, ஸைஃப் வேலைக்குப் போன பிறகு, சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டாள். இனி எவன் பேர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, எடுத்து எறிந்தால் முடிந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. ஹீட்டர் கிடையாது அந்தத் தொட்டியில்.

கத்தரிக்கோல் அதில் சுலபமாக இறங்கவில்லை. ரப்பர் மாதிரி வழுக்கியது, நரநரத்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். நறுக்கென்று அறுந்தது.

அறுந்த முனையில் மூன்று துளைகள். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று.

அவள் இதைப் பார்த்திருக்கிறாள். பிரசவ அறையில், ஸைஃப் தொப்புள்கொடியை வெட்டி முடித்ததும், ஒரு நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டி விளக்கினார். சின்ன ரத்தக்குழாய் இரண்டு, பெரியது ஒன்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று.

பிறந்த ஒன்பதாம் நாள் பிள்ளையின் தொப்புளிலிருந்து காய்ந்த கொடி விழுந்தது. ஊரிலிருந்து மாமியார் போனில் நூறு தடவை சொன்னார்: "மண்ணுல புதைச்சிடும்மா. நாய் பூனை வாயில படவே கூடாது." ஸைஃப் குப்பையில் போடச் சொன்னான். அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பது நாள் முடியாமல் கீழே இறங்கவும் கூடாது. இறங்கினாலும் புளோக் புல்தரையில் யாரைக் கேட்டுத் தோண்டுவது? வாசல் பூந்தொட்டிகளைப் பூனைகள் தினமும் கிளறின. வீட்டுக்குள் இருந்த ஒரே மண், பூனை நெருங்க முடியாத மண், மீன்தொட்டியில்தான் இருந்தது. இடது மூலையில், இரண்டு விரல் ஆழத்தில் புதைத்தாள். கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டு அன்றைக்கே மறந்தும் போனாள்.

டிரில் சத்தம் நின்றது. ஃபில்டர் முனகியது. தொட்டிலில் சத்தம் இல்லை.

திரும்பினாள். ஹனீன் நீலம் பாரித்துக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. உச்சிக்குழி குழிந்து நின்றுபோயிருந்தது.

"யா அல்லாஹ்."

பிள்ளையை உலுக்கினாள். ஊதினாள். தட்டினாள். ஒன்றும் இல்லை. தெரிந்ததைச் செய்தாள். அறுந்து மிதந்த துண்டைப் பிடித்து, மண்ணிலிருந்த அடிமுனையோடு சேர்த்து வைத்து அழுத்தினாள். துளையோடு துளை. விரல்களுக்கு நடுவில் அது இளகி ஒட்டிக்கொண்டது. ஒரு தரம் துடித்தது. இன்னொரு தரம்.

தொட்டிலில் பிள்ளை இழுத்து மூச்சு விட்டாள்.

ஸைஃபுக்கு அடித்தாள். பட்டறைக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள், லாக்கரில் அடித்து அடித்து ஓய்ந்தது. 995 அடித்தாள்.

"குழந்தை மூச்சு விடுதா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"இப்ப விடுது."

"ஆம்புலன்ஸ் அனுப்பவா மேடம்?"

அவள் யோசித்தாள். வருவார்கள். பிள்ளையைத் தூக்குவார்கள். லிஃப்டில் இறக்குவார்கள். தொட்டியை விட்டு ஒன்பது மாடி, அப்புறம் சாலை, அப்புறம் தோ பாயோ. தேக்காவில் தொங்கிய தலை கண்முன் வந்தது.

"வேணாம்," என்றாள். போனை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதாள்.

மதியம் இரண்டுக்கு மீன்களை எண்ணினாள். எண்ண ஒன்றுதான் இருந்தது. அது மண்ணில் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் வடிந்தது. இல்லாமல் போனது.

கொடி மஞ்சளாகத் தொடங்கியது. முறுக்குகள் தளர்ந்தன. துடிப்பு மெதுவானது. தொட்டிலில் ஹனீனின் கன்னம் ஒட்ட ஆரம்பித்தது.

பிரிட்ஜிலிருந்து கோழி ஈரலை எடுத்துப் போட்டாள். கொடி தொடவில்லை. ஆட்டுக்கறித் துண்டைப் போட்டாள். தொடவில்லை. செத்தது அதற்கு வேண்டாம். பிள்ளையைத் தூக்கி மார்பில் வைத்து வாயை விரலால் திறந்து பாலைப் பீய்ச்சினாள். பால் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. பிள்ளைக்கு விழுங்கவே மறந்துவிட்டிருந்தது. ஸைஃப் வர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மீன்கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம். பிள்ளையை எடுத்துப்போக முடியாது. விட்டுப்போகவும் முடியாது.

உதடு சாம்பலானது.

உயிருள்ளது என்று அந்த வீட்டில் இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

ஜரீனா பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். நெற்றியில் முத்தம் வைத்தாள். தொட்டிக்குள் வலது கையை விட்டாள். விரல்களைக் கறுப்பு மண்ணுக்குள் செருகினாள்.

கடிக்கும் என்று பயந்தாள். கடிக்கவில்லை. மண்ணுக்கடியில் மெல்லிய நூல்கள் வந்து விரல் நகங்களின் ஓரத்தைத் தடவின. இடம் தேடின. நுழைந்தன. வலிக்கவில்லை. முதன்முதலாகப் பிள்ளைக்கு மார்பு கொடுத்தபோது சுண்டியதே, அதே சுண்டல். சட்டையில் பால் தானாகக் கசிந்து இரண்டு வட்டமாகப் பரவியது.

கொடி வெளுத்தது. நிமிர்ந்தது. துடித்தது.

தொட்டிலில் சிவப்பு ஏறியது. ஹனீன் கண் திறந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்து, பிறந்ததிலிருந்து இல்லாத வழக்கமாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

போதும் என்று ஜரீனா கையை இழுத்தாள். கை வரவில்லை. மணிக்கட்டு வரை இருந்த மண் முழங்கை வரை ஏறியிருந்தது. மேல்மாடியில் டிரில் மறுபடியும் தொடங்கியது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருகிறவர்கள் முதலில் இந்தக் கொடியைத்தான் அறுப்பார்கள்.

பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜரீனாவின் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் வடிந்து, எலும்பு தெரிய, தாளாக மெலிந்துகொண்டிருந்தன.