எப்படிக் கலைத்தாலும் அதே தாள்

இந்த முறையும் அதே தாள்தான் அடியில் வந்து உட்கார்ந்திருந்தது. பைண்டிங் வேலைக்காரிக்கு எரிச்சலாக வந்தது. அவள் கையிலிருந்தது தைக்காத நாவல். உதிரித் தாள்களைக் கையால் கலைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் ஒவ்வொரு கதை அமையும். விதியா, தற்செயலா, சொந்த இஷ்டமா என்று அவரவர் முட்டிக்கொள்ளட்டும் என்பது எழுதியவரின் கிறுக்கு. மழை இருட்டிய பிற்பகலில், பசை நாற்றமும் ஈரக் காகித வாசனையும் மூக்கை அடைக்க, வீட்டுக் கூடத்தில் அவள் கலைத்துக்கொண்டிருந்தாள். மாடியில் காய்ச்சலோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அச்சக முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எந்தப் பெட்டியிலயும் ஒரே தாள்தான் கடைசியா வருது."

"தற்செயலா இருக்கும்மா. அதுக்குத்தானே புக்கே எழுதியிருக்காரு!" சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டு.

சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று அந்தத் தாளைத் தானே நடுவில் செருகினாள். தாள் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே புரட்டினாள். அடியில் அதே தாள். கலைப்பவர்கள் யாரும் படிப்பதில்லை. முன்பக்கம் மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அவள் அன்றைக்குத்தான் படித்தாள்.

'மழை பெய்தது. காய்ச்சலில் கிடந்த மகள் மாடியிலிருந்து கூப்பிட்டாள். அம்மா ஓடினாள். அவள் கதவைத் திறந்ததும் மகளின் உயிர் போனது.'

"அம்மா..."

மாடியிலிருந்துதான்.

எழுந்தவள் அப்படியே நின்றாள். எவனோ எழுதிவைத்தால் நான் ஆடணுமா? என் கால், என் இஷ்டம். போகமாட்டேன்.

"அம்மா, கட்டிலுக்கடியில யாரோ இருக்காங்கம்மா. வாம்மா!"

"ஒண்ணுமில்லடி சுண்டெலி, கண்ண மூடித் தூங்கு! அம்மா அப்புறமா வரேன்!"

பெற்ற வயிறு பற்றி எரிந்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டில் கிரீச்சிட்டது. மாடித் தரையில் எதையோ இழுக்கும் சத்தம்.

"அம்மா!"

பிறகு சத்தமில்லை. மழை மட்டும்.

அப்பாடா, தூங்கிவிட்டாள். ஜெயித்துவிட்டோம். மேசையை விட்டதும் தாள் நழுவிக் கீழே விழுந்தது. பின்பக்கம் மேலாக. குந்தி உட்கார்ந்து படித்தாள்.

'இதைப் படித்தவள் பயந்துபோய் மாடி ஏறவில்லை. ஏறியிருந்தால் மகள் பிழைத்திருப்பாள்.'

ஐயோ.

படியில் காலடி. சின்னக் கால்கள். மெல்ல இறங்கின. நின்றன. பின்னாலிருந்து இரண்டு பிஞ்சுக் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. காய்ச்சல் துளியும் இல்லை. பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தன.

"நீ வரல. அதான் நான் வந்துட்டேன்."

மகளின் குரலேதான்.

மாடியில், மிக மெல்ல, "அம்மா" என்று அதே குரல் இன்னொரு முறை கூப்பிட்டது. அவள் திமிறினாள். பிஞ்சுக் கைகள் இறுகின.