முதுகில் எழுதிய தேதி

சனிக்கிழமை பிற்பகல் ஐந்து சவப்பெட்டிகளைக் குழிக்குள் இறக்கிவிட்டு வீடு திரும்பிய வாட்டி கில்லஸ்பி, சமையலறைக் கதவின் உட்புறத்தில் சாக்கட்டி எழுத்தைப் பார்த்தார். 14-10. வா.கி. கையெழுத்து அவருடையதுதான். தேதிதான் இன்னும் பிறக்கவில்லை. அது வரப்போகும் திங்கட்கிழமை.

நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு பார்க்கிறவர் அவர். தினமும் விடியுமுன் இறங்கி, விளக்குச் சுடர் நீலமாகிறதா என்று ஒவ்வொரு குடைவாகப் பார்த்து, கரிச்சுவரில் தேதியும் பெயரெழுத்தும் போடவேண்டும். அதை நம்பித்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். கடைசிக் குடைவுக்குத் தவழ்ந்து போகவேண்டும். வாட்டிக்கு முழங்கால் வலி. செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போன திங்களன்றே எழுதிவைத்தார். செவ்வாயன்று வாயு வெடித்தது. முழங்காலுக்கு நல்ல ஓய்வு கிடைத்தது. ஐந்து பேருக்கும் கிடைத்தது.

சட்டைக் கையால் கதவைத் துடைத்தார். மழை கூரையில் ஊர, பக்கத்து வீட்டில், ஐவரில் ஒருவனான பெட்டிகுரூவின் விதவை விட்டு விட்டு விம்ம, அடுப்பங்கரையிலிருந்து கருகிய முடியின் வாடை மெல்லக் கிளம்பியது. கெட்டிலைத் திருப்பினார். அதன் அடியிலும் 14-10.

"மிரன், மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்," என்றார் மனைவியிடம்.

"சொல்லிட்டு? வீடு கம்பெனியோடது. சட்டிபானையோட ரோட்டுல நிப்பமா?"

"அஞ்சு உசுரு, புள்ள."

"ஆறாவதா என்னையும் சேத்துக்க. வாய மூடிட்டுத் தொட்டிக்குள்ள உக்காருய்யா. சுடுதண்ணி ஆறுது."

உட்கார்ந்தார். முதுகைக் கழுவினால் தலைக்குமேல் பாறை இறங்கும் என்று பயந்து அங்கே சுரங்கக்காரர் எவரும் முதுகு கழுவுவதில்லை. இருபத்திரண்டு வருடக் கரி அவர் முதுகில் இறுகி, எழுத வாகான சுவராயிருந்தது.

மிரன் தோளைத் தேய்க்கத் துணியோடு பின்னால் வந்தாள்.

"என்னய்யா இது, முதுகுல?"

"என்ன?"

"தேதி."

"அழி."

"முதுகக் கழுவக் கூடாதுன்னு நீதான..."

"அழிடி!"

தேய்த்தாள். தண்ணீர் கறுத்தது. பிறகு வெளுத்தது. தோல் எரிந்தது.

"போகல. கீழ பேரு இருக்கு. உன் பேரு இல்ல."

"யாரு பேரு?"

"பெட்டிகுரூ."

முதுகில் ஏதோ உரசியது. மறுபடி தேய்க்கிறாள் என்று நினைத்தார். மெல்ல. அழுத்தமாக. கிரீச்.

"போதும், மிரன். வலிக்குது."

மிரன் அவருக்கு எதிரே, அடுப்போரம் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் வாயைப் பொத்தியிருந்தன. துணி தண்ணீரில் மிதந்தது.

அவர் முதுகில் சாக்கட்டி இரண்டாவது பெயரை எழுதத் தொடங்கியிருந்தது.