ஐந்தாவது ஃபேன்

"அப்பா, டப்பாக்குள்ள நாலு ஃபேன்தானே இருக்கு? அஞ்சாவதை யாருப்பா சுத்தறா?"

முந்தாநாள் டிபன் கொண்டுவந்த ஸிந்துஜா, கணினிப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு கேட்டாள். ஆறு வயசுக் குழந்தை. ரங்கநாத் சிரித்து, கன்னத்தைத் தட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இன்று மத்தியானம், சின்னக் காஞ்சிபுரத்துத் தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தாத வெயிலில், அதே அறையில் தனியாக உட்கார்ந்து அவனே எண்ணிக்கொண்டிருந்தான். பிராசஸர் மேல் ஒன்று. கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒன்று. அவன் புதிதாக மாட்டியவை இரண்டு. அந்த நான்கின் ரீங்காரத்துக்கும் அடியில், ஈரமாக, இழுத்து இழுத்து, இன்னொன்று.

கணினியும் அறையும் சிநேகிதன் பாச்சாவுடையவை. பட்டுப்புடவைக்கு பார்டர் வரைந்துகொண்டிருந்தவன். நுரையீரல் கெட்டு, பங்குனி மாதம், இதே அறையில், இதே சக்கர நாற்காலியில் மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனான். தன் மகள் ஸ்ரீவல்லியின் முகூர்த்தப் புடவைக்கு அவன் போட்ட அன்னப்பட்சி பார்டர் இந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அதை சிடியில் ஏற்றி எடுக்க வேண்டும். சூடு தாங்காமல் கணினி பாதியில் நின்றதால்தான் ரங்கநாத் இரண்டு ஃபேன் சேர்த்தான். சேர்த்த பிறகு வேறு கோளாறு. கரண்ட் போதாமல் மொத்தமும் அணைந்தது. அணையும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் 'டக்' என்று முனகியது. இன்னும் எத்தனை தடவை தாங்குமோ.

"இன்னா சாமி, ஆச்சா?" வாசலில் நெசவுக்காரர் தினகரன், தலையில் ஈரத் துண்டோடு. "தறியில பாவு ஏத்திட்டு சும்மா ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"சாயங்காலம் தந்துடறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. பொட்டிக்கு நாலு ஃபேனு, மனுசனுக்கு ஒண்ணு இல்ல. உள்ள இருக்கறது இன்னா, மாப்பிள்ளையா?" சிரித்தபடி எட்டிப் பார்த்தவர் சட்டென்று நின்றார். "யார்னா படுத்துக்கினு இருக்காங்களா?"

"இல்லையே. நான் மட்டும்தான்."

"கொறட்ட மாதிரி கேட்டுச்சு." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரங்கநாத் முறையாகத் தேடினான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, சக்தி கூடிய வேறொன்றைப் போட்டான். மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய முள் பத்தில் நின்று நடுங்கியது. புது ஃபேன் ஒன்றைக் கழற்றினான். பத்துதான். இன்னொன்றையும் கழற்றினான். அப்போதும் பத்து. எதையும் மாட்டாமலே ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. அறையில் மெல்ல ஒரு வாடை பரவியது. தைலமும் வியர்வையும் கலந்த, நோயாளியின் தலையணை வாடை.

பிளக்கைப் பிடுங்கினான்.

இறக்கைகள் நின்றன. சத்தம் நிற்கவில்லை.

மேஜையில் கிடந்த பட்டு நூல் ஒன்றை எடுத்து, பெட்டியின் பின்பக்கச் சல்லடைக்கு முன்னால் பிடித்தான். காற்று வருகிறதா என்று பார்க்க இதுதான் வழி.

நூல் வெளியே பறந்தது. உள்ளே இழுபட்டது. வெளியே. உள்ளே.

அந்த இழுப்பை அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பாச்சாவின் கட்டிலருகே கேட்டது. ஓடிவிடத்தான் நினைத்தான். ஆனால் பாலிடெக்னிக் விடுதியில் மஞ்சள் காமாலையோடு தான் கிடந்த ராத்திரிகளில், பரீட்சை அட்டையால் விடிய விடிய விசிறியவன் இந்த பாச்சா. பெருமாளுக்கே ஒரு பக்தர் விசிறிவிட்ட ஊர் இது. வாங்கின காற்றைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

"நாராயணா," என்று முணுமுணுத்து, மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்தான். ஃபேன்களை மாட்டி, பிளக்கைச் செருகி, சல்லடைக்கு முன்னால் மண்டியிட்டு விசிறினான்.

முள் பன்னிரண்டுக்கு ஏறியது. அங்கேயே நின்றது. திரையில் சிடி ஏறுவதைக் காட்டும் நீலக் கோடு நகர்ந்தது. கை கடுத்தது. நிறுத்தவில்லை. சிடி வெளியே வந்தது.

அதை உறையிலிட்டு, கைக்கெட்டிய ஜன்னலின் வெளி விளிம்பில் வைத்தான். தினகரன் கண்ணில் படும். ஸ்ரீவல்லிக்குப் புடவை வந்துவிடும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அட்டையைக் கீழே போட்டான்.

இப்போது இழுப்பு பெட்டியிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினான். அவனுக்கும் கதவுக்கும் நடுவே சக்கர நாற்காலி. காலி. ரெக்ஸின் இருக்கை மட்டும் ஓர் ஆள் கனத்துக்கு அமுங்கியிருந்தது. சாய்வில் தொங்கிய துண்டு நடுவில் உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது. இந்தத் தடவை தணியவில்லை. அடைத்துக்கொண்டது போல ஒரு விக்கல்.

அட்டையை எடுத்தான். விசிறினான்.

துண்டு தணிந்தது. சீராக ஏறி இறங்கியது.

"போறுமாடா, பாச்சா?"

தோள் மரத்தது. கை மாற்றினான். கொஞ்சம் வேகம் குறைந்தது.

சக்கரங்கள் கிறீச்சிட்டன. நாற்காலி காற்றைத் தேடி, ஒரு முழம், அவன் பக்கம் நகர்ந்து வந்தது.