முழங்கால் அளவுத் தண்ணீர்

"முழங்கால் அளவு தண்ணின்னு போட்டானே... யாரு அந்த ஜெரோம்? கையில மட்டும் கெடைச்சான்..."

நாகல் நகர்ப் பக்கம், ரயில் பாலத்தடியில், தொடை நனைய நின்று பல்லைக் கடித்தாள் ரீனா. போன் குழுவில் அவன் போட்ட பதிவை நம்பித்தான் தண்ணீருக்குள் வண்டியை விட்டாள். நடுவில் ஸ்கூட்டி அணைந்துபோயிற்று.

"கெடைச்சிட்டேங்க..."

திரும்பினாள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன் ஸ்கூட்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான். மழை சொட்டும் இமைகளுக்குக் கீழே சிரிக்கிற கண்கள்... தண்ணீர் அவன் முழங்காலைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது!

"உங்க முழங்காலும் என் முழங்காலும் ஒண்ணாங்க?"

"அளந்தப்ப உங்களப் பாத்ததில்லையே... பாத்திருந்தா கூட்டிப் போட்டிருப்பேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மழைத் தண்ணீர் எங்கே எவ்வளவு நிற்கிறது என்று ஊர்க்காரர்களே படத்தோடு பதிவிடும் குழு அது. பதிவுகளைச் சரிபார்ப்பது பள்ளி ஆசிரியையான ரீனா. சாணார்பட்டியில் பம்புசெட் பழுதுபார்க்கும் ஜெரோம் புதிதாகச் சேர்ந்தவன். அன்று மாலை, ஈரம் காயாத கோபத்தில் குழுவில் எழுதினாள்: "முழங்காலால் அளக்கிறவர்கள் தயவுசெய்து பதிவு போட வேண்டாம்."

மறுநிமிடமே ஜெரோம் குழுவிலிருந்து வெளியேறினான்.

எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ... தள்ளிவிட்டவனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே... போனை எடுப்பாள். வைத்துவிடுவாள். நான் ஏன் முதலில் பேசணும்?

அடுத்த பெருமழையில் குழுவின் வரைபடம் முழுக்கப் பதிவுகள் வந்து விழுந்தன. சாணார்பட்டிப் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. தூறல் விடுவதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

சாணார்பட்டிக்கு முன்னால் ஓடைத் தரைப்பாலத்தில் பஸ் நின்றது. பாலத்தின் மேல் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடியது. அடிக்கணக்குக் கோடு போட்ட கம்போடு ஜெரோம் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தான்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே! ரெண்டடிக்கு மேல ஓடுது, இழுத்துட்டுப் போயிரும்!"

ரீனா இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களா...?"

"குழுவ விட்டுப் போயிட்டு யாருக்காக அளக்குறீங்க?"

"யாரும் தெரியாம உள்ள எறங்கிறக் கூடாதுல்ல..." பார்வையைத் தாழ்த்தினான். "அப்புறம்... என்னைக்காச்சும் நீங்க கேப்பீங்கன்னு."

அவள் கண்கள் நிறைந்தன. "அம்புட்டுப் பேரு முன்னாடி அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்புதான்."

"கோவமெல்லாம் அன்னைக்கே போயிருச்சுங்க. ஒங்க மொகந்தான் இன்னும் போகல..."

கன்னம் சுட்டது. சொல்லிவிடு ரீனா, என்றது மனசு.

"மழை இல்லாத நாள்லயும் உங்களப் பாக்கணும்போல இருக்கு ஜெரோம்... வரவா?"

அந்தக் கண்கள் மறுபடி சிரித்தன.

"வாங்க... மழைய நம்பி எம்புட்டு நாள்தான் காத்துக் கெடக்குறது?"