படம் மட்டும் வீட்டு வழியாக

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பனிக்கடல் ஓரத்து வடமுனைத் துறைமுகத்தின் தமிழ்க்கூட்டம் முழுக்கப் படக்கூடத்துக்கு ஓடும். தட்டில் சோறு விழுவதற்குள் ஆளாளுக்குத் திரையை விரித்து, ஊரில் ஓடுகிற தொடரை விட்ட இடத்தில் பிடித்துவிட வேண்டும். ஜெபசீலி தொடர் பார்க்க மாட்டாள். அந்த நேரத்தில் அவள் அப்பாவைப் பார்ப்பாள்.

எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்த மண்ணின் படம்தான் திரையில் வரும் என்பது உலக ஏற்பாடு. அதனால் வந்திறங்கிய கையோடு எல்லோரும் வீட்டுச் சுரங்கம் ஒன்று போட்டுக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் வி.பி.என். என்றார்களே, அதேதான். ஊரில் இருக்கும் வீட்டு இணைப்புப் பெட்டிக்கும் இங்கிருக்கும் திரைக்கும் நடுவே ஒரு தனிப்பாதை. எல்லாவற்றையும் அதில் திணித்தால் வேலைக் கணினி நொண்டியடிக்கும் என்பதால் ஜெபசீலி படத்தை மட்டும் சுரங்கத்தில் விட்டிருந்தாள். மற்றதெல்லாம் வீட்டுப் பெட்டியைத் தொடாத நேர்வழி. அப்படிப் பிரித்ததில், வீட்டோடு பேசும்போதும் படம் ஒரு வழியாகவும் சத்தம் வேறு வழியாகவும் வந்தது. அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

திரையில் அப்பா ஆசீர்வாதம் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சும் ஒரு பக்கமும் போன மனிதர். ஆனாலும் பார்க்க என்ன அழகு! வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத விரிப்பு, நெஞ்சின் மேல் கோத்து வைத்த கைகள், முகம் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் தம்பி செல்வின் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றான்.

"அப்பா சாப்பிட்டாவளா?"

"ரெண்டு வாய் வாங்கினாவ. பெறவு வேண்டாம்னு மூஞ்சியைத் திருப்பிட்டாவ."

மூஞ்சியைத் திருப்பிய மாதிரித் தெரியவில்லை. நேரே இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அதைக் கேட்பதற்குள் அந்த இரைச்சல் மறுபடி வந்தது. ரொய்ங் என்று ஒரு ரீங்காரம், நடுநடுவே டொக், டொக் என்று ஒரு தட்டல். ஒரு மாதமாக இதே தொல்லை.

"சவத்து லைன்! ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. வைக்கேன்ல" என்று எரிச்சலோடு துண்டித்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஷமீமா தொடரிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள். துறைமுகத்தின் இணைப்புப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஊர் காயல்பட்டினம், வாய் கொஞ்சம் நீளம். "ஒரு மாசமா லைனைத் திட்டுறீங்க. லைன் என்னக்கா பாவம் பண்ணுச்சு? படத்தை வீட்டு வழியா விட்டுட்டு சத்தத்தை அம்போன்னு ரோட்டுல விட்டிருக்கீங்க. அதையும் சுரங்கத்துல போட்டா போச்சு."

"வேலைக் கணினி படுத்துராது?"

"சத்தம் என்ன பெரிய கனமா? கொண்டாங்க இப்படி." சொல்லும்போதே இரண்டு இடத்தில் விரலை வைத்து மாற்றிவிட்டாள். ஜெபசீலி திரும்ப அழைத்தாள். இரைச்சல் இல்லை. தட்டல் இல்லை. செல்வின் குரல் தேனாக வந்தது. எங்கோ குயில்கூடக் கூவியது.

ஜெபசீலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவிடம் ஏதேதோ பேசினாள். பேசிக்கொண்டே இருந்தவளுக்கு அந்தக் குயில் இடித்தது. அப்பா வீடு இருக்கிற உப்போடைப் புதுநகரில் ஏது குயில்? அங்கே ஒரு மரம் நின்றால் அல்லவா குயில் வர?

அந்த நகரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். உப்பளங்களுக்குப் பின்னால் கட்டிய ஊர். ஓடையில் சாக்கடை, தெருவில் மலை மலையாகக் குப்பை. அள்ளி மாளாது என்று கை விரித்த நிர்வாகத்துக்கு எவனோ ஒரு புண்ணியவான் யோசனை சொன்னான்: குப்பையை ஏன் அள்ள வேண்டும், அதைக் காணாமல் செய்தால் போதாதா? வந்தது கண்குளிர்ச் சட்டம். ஆளுக்கொரு மும்மணி இலவசம். கண்ணுக்கு மெருகுக் கண்ணாடி, காதுக்கு ஒரு மணி, மூக்குக்கு ஒரு மணி. குப்பை பூச்செடியாகத் தெரியும், சாக்கடை மல்லிகையாக மணக்கும். வீட்டுப் பெட்டியிலும் அதே மெருகு. உள்ளே வருகிற, வெளியே போகிற படமும் சத்தமும் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டுதான் வாசலைத் தாண்டும். சனம் கைதட்டி வாங்கிக்கொண்டது. தூ! துறைமுகத்தில் மட்டும் மும்மணிக்கு அனுமதி இல்லை. பனியில் மும்மணி மாட்டி நடந்தால் பாளத்தின் வெடிப்பு தெரியாமல் ஆள் உள்ளே போய்விடுவான்.

ஜெபசீலி மெதுவாகக் கேட்டாள். "ஷமீமா, சுத்துவழியில போனா இரைச்சல் கூடத்தானே செய்யும்? எப்படி நின்னுச்சு?"

"வீட்டுப் பெட்டி மெருகு போட்டிருக்கும்க்கா."

"பெட்டி வீட்டுல இருக்கு. வழியில சேர்ற இரைச்சலை அது எப்படித் துடைக்கும்? வீட்டுக்குள்ள இருக்கறதைத்தானே துடைக்கும்?"

ஷமீமாவின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. தொடரில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அதை நிறுத்தினாள்.

"சத்தத்தைப் பழையபடி வை" என்றாள் ஜெபசீலி.

வைத்தாள். குயில் செத்தது. ரொய்ங். இந்த முறை இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். கருவாடு காயப் போட்ட கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈ. ஒன்றல்ல, இரண்டல்ல, மொய்க்கிற கூட்டம்.

திரையில் வெள்ளை விரிப்பு. ஒரு புள்ளி அழுக்கில்லை.

"செல்வின், அப்பாவுக்கு விரிப்பு எப்பலே மாத்துனே?"

"அழுக்கானா மாத்துவேன்க்கா. அழுக்கே ஆகலியே! டாக்டர்கூட படத்துல பாத்துட்டு, ஒங்கப்பா மாதிரி நோயாளி கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்னாரு."

"மும்மணியைக் கழட்டு."

"என்னக்கா வெளயாடுதியா? இந்த ஊர்ல எவனாவது கழட்டுவானா? சின்ன வயசுல மாட்டினது."

"கழட்டுலேங்கேன்!"

அவள் போட்ட சத்தத்தில் படக்கூடமே திரும்பியது. செல்வின் முனகிக்கொண்டே கழற்றும் சத்தம் கேட்டது. படத்தில் அவன் அப்படியேதான் நின்றான், அதே சிரிப்போடு. ஆனால் காதில் விழுந்ததோ வேறு. முதலில் ஒரு விக்கல். அப்புறம் "அய்யோ" என்று ஒரு குரல். அப்புறம் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. திரையில் சிரிக்கிற தம்பி, காதில் வாந்தி எடுக்கிற தம்பி. ஜெபசீலி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"அக்கா... முதுகெல்லாம் புண்ணுக்கா... புழு... விரிப்பு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு... நான் தெனமும் பக்கத்துலதானே இருந்தேன்? நான்தானே கஞ்சி குடுத்தேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. அடித்து உதைக்க ஒரு கெட்டவன்கூட இல்லை. பாசமான பிள்ளை, நாள் தவறாமல் பார்த்த மகள், பாராட்டிய டாக்டர். எல்லோரும் சேர்ந்து, கண் நிறையப் பார்த்துக்கொண்டே, ஒரு மனிதரை அழுக விட்டிருக்கிறார்கள்.

"அக்கா, அப்பா அழுவுதாவ" என்றான் செல்வின், சின்னப் பிள்ளை மாதிரி. "எப்பவும் சிரிச்சிட்டுத்தானே இருப்பாவ?"

டொக், டொக்.

ஜெபசீலி சத்தத்தைக் கூட்டினாள். "அது என்னலே சத்தம்?"

"அப்பா கை. நல்லா இருக்க கையால கட்டில் கம்பியைத் தட்டுதாவ. வெரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு ரத்தம் காஞ்சு கெடக்கு."

ஒரு மாதம். ஒரு மாதமாக ஒரு மனிதர் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அது கேட்டது. கேட்டவள் லைன் சரியில்லை என்று சொல்லி முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டுப் போனாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தத் தட்டலையும் குயிலாக மாற்றிக் கேட்டு ரசித்திருப்பாள். சீ, என்ன காது இது என்று இருந்தது அவளுக்கு.

அழுது கொட்ட நேரமில்லை. "வெந்நி போடு. ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லு. படத்துல பாக்கற டாக்டர் வேண்டாம், வெறுங்கண்ணோட வந்து தொட்டுப் பாக்கறவரா கூப்பிடு. கண்ணாடியை மறுபடி மாட்டினே, இங்கிருந்து வந்து ஒன்னக் கொன்னுருவேன்."

"கொமட்டுதுக்கா."

"கொமட்டட்டும். வாந்தி எடுத்துக்கிட்டே தொடச்சு எடு."

அவன் துடைத்தான். தண்ணீர் சத்தம், துணி பிழிகிற சத்தம், நடுநடுவே ஓங்கரிப்பு, அப்பாவின் முனகல். திரையில் அந்தக் கருமம் பிடித்த வெள்ளைச் சட்டை அசையாமல் சிரித்தது.

ஷமீமா எழுந்து நின்றிருந்தாள். அவளுடைய அம்மாவும் இப்போது அதே உப்போடைப் புதுநகரில்தான் தனியாக இருந்தார். தினமும் பேசுவாள், படமும் சத்தமும் இரண்டுமே சுரங்கத்தில்.

"ஒனக்கும் சத்தத்தை நேர்வழியில மாத்திக் கேளு" என்றாள் ஜெபசீலி.

ஷமீமா தன் திரையில் விரலை வைத்தாள். வைத்த விரல் அங்கேயே நின்றது. "உம்மா நல்லாத்தான்க்கா இருக்காங்க. நேத்துகூடப் பாத்தேன்" என்றாள். திரையை மடித்துத் தட்டோடு எடுத்துக்கொண்டு, கூடத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்து தொடரைப் போட்டாள். ஜெபசீலிக்கு அவளை இழுத்து அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு மாதமாகத் தானும் அந்தக் கோடியில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதால் கை எழவில்லை.

ஈச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "வண்டி வந்துட்டுக்கா" என்று செல்வின் வாசலுக்கு ஓடினான்.

அறையில் அப்பா மட்டும். ஜெபசீலி தன் விரல் முட்டியால் மேசையைத் தட்டினாள். டொக், டொக். "அப்பா, கேக்குதுப்பா. இப்ப கேக்குது."

பதில் வந்தது. டொக்.

அவள் சட்டென்று திரையை நிமிர்ந்து பார்த்தாள். சலவை மடிப்புக் கலையாத அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் மேல் கோத்து வைத்த கைகள் அசையவே இல்லை.