ஈரச் செருப்பு

அந்தச் செருப்பு ஒரு வாரம் வெயிலில் கிடந்தும் காயவில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா அது. சுற்றிலும் தாழம்புதர், நாரைக் கூடுகள். அதைப் பூங்காவாக்க திருவொற்றியூர் வாலிபர் சிலர் ஞாயிறுதோறும் கூலியில்லாமல் உழைத்தார்கள். தோட்டத்துக்குள் பெயரில்லாத கல்லறைகள் இருந்ததால் எல்லாரும் செருப்பை வாசல் கேட்டின் ஓரம் கழற்றிவிட்டே உள்ளே போவது வழக்கம். சாவி வைத்திருந்த கோதண்டத்துக்கு அதுவே கணக்கு. செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆளில்லை. பங்களாவின் நிலவறைக் கதவை அடைத்துவிட்டுக் கேட்டைப் பூட்டுவார்.

போன ஞாயிறு ஒரு ஜோடி மிஞ்சியது. இருட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. இன்று காலையும் அது அங்கேயே கிடந்தது, தண்ணீரிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல.

"இன்னா தமீம் பாய், செருப்போட உள்ள பூர்றே?" வேலைக்கு வந்த வாலிபனைக் கோதண்டம் கேட்டார்.

"கால்ல சிப்பி கீச்சிட்டுது மாமு. சாபிராதான் கட்டுப் போட்டா. உள்ள படுத்துகினு கீறவங்க கோச்சிக்க மாட்டாங்க."

"நெற மாசக்காரிய வுட்டுட்டு வந்துகீறே. பொழுதோட கெளம்பு."

தமீம் சிரித்தான். அவன் மனைவி சாபிரா தன் பழைய புடவையின் பச்சைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

நிலவறையில் சேறு அள்ளுவது அவன் வேலை. ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய இடம். சுவரெல்லாம் இன்னும் கரித்தது, வௌவால் எச்சமும் அழுகிய பாசியும் கலந்த வாடை தொண்டையில் படிந்தது, கோடியில் கல்படிகள் கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கிப் போக, எங்கோ கழிமுகத் தண்ணீர் உள்ளே கசிந்து சொட்டும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. வெளிச்சம் ஒரே ஒரு காற்றுத்துளை வழியாக வந்தது. தரைமட்டத்தில் இருந்த அந்தத் துளைக்கு நேரே வாசல் கேட்டு.

வெளிச்சம் சிவந்தபோதுதான் பொழுது போனது தெரிந்தது. மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான்.

மேலே கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

"அப்பாடா," கோதண்டத்தின் குரல் நகர்ந்துபோனது. "அந்த ஈரச் செருப்பக் கூட எவனோ எட்துகினு பூட்டான்."

தமீம் தன் கால்களைப் பார்த்தான். செருப்பு காலில் இருந்தது. கேட்டு ஓரம் இல்லை. அவன் பொழுதோடு போய்விட்டதாக மாமு நினைத்திருப்பார்.

"மாமு! நான் உள்ள கீறேன்!"

கூட்ஸ் வண்டி ஒன்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் கத்தலை அது விழுங்கியது. கதவு தேக்கு, மேலே இரும்புத் தகடு. தோளால் இடித்தான். அசையவில்லை. அடுத்து இது திறப்பது வரும் ஞாயிறு. சாபிராவுக்கு இன்றோ நாளையோ.

வண்டி போய்விட்டது.

சளக்.

தண்ணீர்ப் பக்கமிருந்து. நனைந்த தோல் கல்லில் படும் சத்தம்.

சளக். இன்னொரு படி.

கதவில் முதுகை ஒட்டினான். உப்புச் சேற்று வாடை. முகத்தருகே குளிர். மூச்சில்லை. குளிர் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

கால் சில்லிட்டது. குனிந்தான்.

அவன் காலில் ஈரச் செருப்பு. காயத்தில் கட்டு இல்லை.

துளைக்கு ஓடினான். கேட்டருகே கோதண்டத்தின் கால்கள். அவற்றின் பக்கத்தில் தமீமின் செருப்பு. அதற்குள் இரண்டு கால்கள். ஒன்றில் பச்சைக் கரைக் கட்டு.

"அட, நீ இன்னும் போவலியா?" என்றார் கோதண்டம்.

தமீம் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

குரல் வெளியே இருந்தது.

"வூடு எங்கன்னு மறந்துட்டுது மாமு. நீயே இட்டுகினு போ."

கோதண்டம் சிரித்தார். "வெயில்ல மூள கலங்கிப் போச்சா? வா, சாபிரா கையிலயே ஒப்படைக்கிறேன்."

சங்கிலி குலுங்கியது. பூட்டு விழுந்தது. கோதண்டத்தின் கால்கள் முன்னே நடந்தன.

பச்சைக் கட்டுப் போட்ட கால் மட்டும் நின்றது. மெல்லத் துளைப் பக்கம் திரும்பியது. கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.