உற்றவர் ஒருவர் தேவை

எழுபதாவது மாடியிலிருந்து தமயந்தியும் எதிர்வீட்டு ஜெபராஜும் ஒரே மின்தூக்கியில் இறங்கினார்கள். இருவரும் வாய் திறக்கவில்லை. இருவரின் காதுக்குப் பின்னாலும் இருந்த தரகன்கள் பேசிக்கொண்டன. தரை வருவதற்குள் வணக்கம், வெயில், தண்ணீர் வராத குறை எல்லாம் முடிந்து, ‘நல்ல உரையாடல்’ என்று தமயந்தியின் கண்ணோரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மின்னியது.

பெருஞ்சென்னையில் மனத்தரகன் இல்லாத காது கிடையாது. அரிசிமணி அளவுச் சில்லு. சொந்தக்காரரின் மனதில் இருப்பதில் எதிராளிக்கு எவ்வளவு அளக்கலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. முதலில் விலை சொன்னவன் ஏமாந்தான் என்பது கடைத்தெருவின் முதல் பாடம். அந்தப் பாடத்தை மனசுக்கும் பொருத்திவிட்டார்கள். மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பதுபோல இரண்டு தரகன்களும் பேரம் பேசும். உன் அரைக் கவலைக்கு என் அரைக் கவலை. நாலைந்து வருடப் பேரத்தில் தமயந்திக்குக் கிடைத்த சரக்கு, ஜெபராஜுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது. யாரும் ஏமாறவில்லை. யாருக்கும் வியாபாரமும் ஆகவில்லை.

இந்த லட்சணத்தில் தமயந்தியின் மூளையில் ஒரு கட்டி. வெட்டி எடுப்பது இயந்திரங்களுக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் மயக்கம் தெளிந்து எழுவது பழைய ஆள்தானா என்று சொல்ல, நன்றாக அறிந்த உற்றவர் ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். உற்றவர் இல்லையேல் அறுவை இல்லை. தமயந்தியின் தொடர்பில் பாதி ஊர் இருந்தது. அத்தனை பேரின் தரகன்களும் நலம் விசாரித்துவிட்டு நழுவின. கடைசியில் ஜெபராஜின் தரகன்தான் இறங்கிவந்தது. அவர் வெளியூர் போகும்போது அவர் வீட்டுச் செடிகளுக்குத் தமயந்தி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று படிந்தது பேரம்.

மருத்துவமனை வாசலில் இயந்திரச் செவிலி கேட்டது: “இவர் உங்கள் உற்றவரா?”

“ஆமா, நல்ல ஃப்ரெண்டு.”

“ரொம்ப வருஷப் பழக்கம்,” என்றார் ஜெபராஜ்.

மூளை அறுவை என்பதால் தமயந்தியின் தரகனையும், சாட்சி என்பதால் ஜெபராஜின் தரகனையும் கழற்றி டப்பாவில் போட்டது செவிலி. நீண்ட பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். சொந்த வாயால் பேசிப் பல காலம் ஆகிவிட்டது. தமயந்திக்குச் சொல்ல ஒன்று இருந்தது: பயமாக இருக்கிறது, செத்தால் அழ ஆளில்லை. ஜெபராஜும் ஏதோ சொல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“சாப்பிட்டாச்சா மேடம்?”

“ஆச்சு சார். நீங்க?”

“ஆச்சு, ஆச்சு.”

செவிலி உருண்டு வந்தது. “வெறும் வயிறு கட்டாயம். நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள். அறுவை ரத்து.”

“இல்லைங்க, நான் சாப்பிடல. நேத்து ராத்திரிலேருந்து தண்ணிகூடத் தொடல.”

“ஆச்சு என்றீர்கள்.”

“கேட்டா அப்படித்தாங்க சொல்லுவோம்,” என்று ஜெபராஜ் குறுக்கே வந்தார். “நானும்தான் சாப்பிடல. ஒரு மரியாதைக்குச் சொல்றது.”

செவிலி வாசல் பதிவைத் தேடி எடுத்தது. “அப்படியானால், வாசலில் நல்ல ஃப்ரெண்டு என்றீர்களே, அது?”

தரகன் இருந்திருந்தால் சட்டென்று ஒரு பதிலை எடுத்து வைத்திருக்கும். இருவரின் கண்ணும் டப்பாவுக்குப் போனது.

“உண்மையான உற்றவரோடு வாருங்கள். கட்டி வளர்கிறது. தாமதிக்காதீர்கள்,” என்று டப்பாவை நீட்டியது செவிலி.

வெளியே நல்ல வெயில். டப்பாவைத் திறக்க இருவருக்குமே மனசில்லை. வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.”

“அதெல்லாம் பரவால்ல சார்.”

எழுபதாவது மாடியில், எதிரெதிர்க் கதவுகளின் நடுவே நின்றார்கள். ஜெபராஜ் சாவியைத் துழாவியபடி சொன்னார்:

“ஒருநாள் அவசியம் வீட்டுக்கு வாங்க மேடம். மனசு விட்டுப் பேசலாம்.”

“கண்டிப்பா சார்.”

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன.